'செட்' என்ற சின்னச் சொல்லும் நம் 'வை'யும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் கடல்பாசி இனிப்பு செய்கிறேன் என்று அடுப்படியில் இறங்கினாள். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலச் செய்முறை. பாலைக் காய்ச்சி, பாசியைக் கரைத்து, சர்க்கரை போட்டு, கிண்ணத்தில் ஊற்றியாயிற்று. கடைசி வரியில் நின்றுவிட்டாள். 'செட் த பௌல் அசைட் அண்ட் லெட் இட் செட்' என்று இருந்தது.

"அப்பா, கிண்ணத்தை எடுத்து ஓரமா வைன்னு சொல்றது புரியுது. அப்புறம் மறுபடியும் எதை வைக்கச் சொல்றாங்க?"

ஒரே வரியில் ஒரே சொல் இரண்டு தடவை வருகிறது. முதல் 'செட்' நாம் செய்யும் வேலை. இரண்டாவது 'செட்' பாசிக்குத் தானாக நடப்பது. கிண்ணத்தை ஓரமாக வை, அது உறையட்டும். பதில் அவ்வளவுதான். ஆனால் அவள் விடவில்லை. "இந்த ஒரு வார்த்தைக்கு மொத்தம் எத்தனை அர்த்தம்ப்பா?" என்று கேட்டாள்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான். ஏறக்குறைய 430 பொருள்கள்; அவற்றை விளக்க ஏறக்குறைய 60,000 சொற்கள். ஒரு சொல்லின் விளக்கத்தையே தனிப் புத்தகமாகப் போடலாம். அதன் பிறகு அகராதியைத் திருத்தி எழுதும் வேலை நடந்தபோது 'ரன்' முந்திக்கொண்டது. அதன் வினை வடிவத்துக்கு மட்டும் 645 பொருள் என்று கணக்கு வந்தது. எந்திரமும் கணினியும் வந்த பிறகு எல்லாமே 'ஓட' ஆரம்பித்துவிட்டதால் அது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

430 பொருளையும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. லண்டனில் பிறந்த குழந்தையும் செய்வதில்லை. அதோடு, தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்தச் சொல்லை விளங்கிக்கொள்ள ஒரு தனி வசதி இருக்கிறது. நம்மிடம் 'வை' இருக்கிறது.

காலையில் எழ அலாரம் வைக்கிறோம். எலிக்குப் பொறி வைக்கிறோம். குப்பைக்குத் தீ வைக்கிறார்கள். பள்ளியில் பரீட்சை வைக்கிறார்கள். கல்யாணத்துக்கு நாள் வைக்கிறோம். சரக்குக்கு விலை வைக்கிறோம். ஒரு வீட்டு வாசலில் காலடி வைக்கிறோம். இந்த ஏழு இடத்திலும் ஆங்கிலத்தில் 'செட்' போடலாம். செட் அன் அலாரம், செட் அ ட்ராப், செட் ஃபயர், செட் அன் எக்ஸாம், செட் அ டேட், செட் அ ப்ரைஸ், செட் ஃபுட். ஏழும் ஆங்கிலக்காரர்கள் சாதாரணமாகச் சொல்பவை.

இப்போது 'வை'யைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பொறியைக் கையில் எடுத்து ஓர் இடத்தில் வைக்க முடியும். நாளை எடுத்து எங்கே வைப்பது? விலையை எங்கே வைப்பது? இருந்தாலும் 'வை'க்குப் பல பொருள் இருப்பதாக நாம் யாரும் நினைப்பதே இல்லை. நமக்கு அது ஒரே சொல். ஒன்றை ஓர் இடத்திலோ ஒரு நிலையிலோ இருத்துவது, இருத்தியபின் அது அங்கேயே நிற்பது. இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதுப் பிள்ளை எல்லா 'வை'யையும் பேசிவிடுகிறது. 'செட்' ஆங்கிலேயர்களுக்கு அப்படித்தான் இருக்கிறது. அகராதிக்காரர்களுக்குத்தான் அது 430.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் 'வை' எல்லாமே 'செட்' ஆகிவிடாது. குழம்பு வைப்பது, பொட்டு வைப்பது, ஒருவர் மேல் பாசம் வைப்பது, நகையை அடகு வைப்பது, இதற்கெல்லாம் ஆங்கிலத்தில் வேறு வேறு சொற்கள். இரண்டு சொல்லும் பாதி தூரம் சேர்ந்து நடக்கும், அப்புறம் பிரிந்துவிடும். ஆரம்பிக்கிறவருக்கு அந்தப் பாதி தூரமே பெரிய உதவி.

அடுத்து வரும் குழப்பம் 'புட்' என்ற சொல்லோடு. அதுவும் 'வை'தானே, எதை எப்போது போடுவது? ஒரு கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தூக்கி மேசைமேல் வைத்தால் 'புட்'. முள்ளைத் திருப்பி நேரத்தைச் சரிசெய்தால் 'செட்'. வெறுமனே ஓர் இடத்துக்குக் கொண்டுபோவது முதலாவது. இருக்க வேண்டிய நிலைக்குச் சரியாகக் கொண்டுவருவது இரண்டாவது. 'செட் த டேபிள்' என்று ஒரு தொடர் இருக்கிறது. மேசையை எங்கோ நகர்த்தி வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். தட்டு, டம்ளர், கரண்டி எல்லாவற்றையும் அதது இடத்தில் வைத்துச் சாப்பாட்டுக்குத் தயாராக்குவது என்பதுதான் பொருள். நம் ஊரில் 'இலை போட்டாச்சு' என்கிறோமே, கிட்டத்தட்ட அது. அதிலும் இலையை மட்டுமா போடுகிறோம்? தண்ணீர் தெளித்து, உப்பு வைத்து, டம்ளர் வைத்து, உட்கார வேண்டியதுதான் பாக்கி என்ற நிலைக்கு வந்தால்தான் இலை போட்டதாகக் கணக்கு.

இந்த 'சரியாக இருத்துவது' என்ற கருத்து கைவந்துவிட்டால் பல தொழில்களின் பேச்சு தானாகத் திறந்துகொள்கிறது. மருத்துவர் முறிந்த எலும்பை 'செட்' செய்கிறார். விலகிய இரண்டு முனையையும் நேர்ப்படுத்திக் கட்டுப்போடுகிறார். பொற்கொல்லர் மோதிரத்தில் கல்லை 'செட்' செய்கிறார். நாம் கல் பதிப்பது என்கிறோம். அச்சகத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் நிறுத்தியதற்கு 'டைப் செட்டிங்' என்று பெயர். நாம் அச்சுக்கோப்பது என்றோம். இந்த இடங்களில் தமிழ் கட்டு, பதி, கோ என்று தனித்தனிச் சொல்லை வைத்துக்கொண்டது. ஆங்கிலம் ஒன்றையே எல்லாவற்றுக்கும் அனுப்புகிறது.

எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்தது இதன் பிறப்பு. 'சிட்' என்றால் உட்கார். 'செட்' என்றால் உட்கார வை. பழைய ஆங்கிலத்தில் 'செட்டன்' என்று இருந்த வினை அது. நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதேதான். அமர், அமர்த்து. நட, நடத்து. படு, படுத்து. தானே செய்தால் ஒரு வடிவம், இன்னொன்றைச் செய்ய வைத்தால் இன்னொரு வடிவம். ஆங்கிலத்தில் இந்த வழக்கம் இப்போது உயிரோடு இல்லை. ஆனால் சில ஜோடிகளில் தடம் மிச்சமிருக்கிறது. 'ஃபால்' என்றால் விழு. 'ஃபெல்' என்றால் மரத்தை வெட்டி வீழ்த்து. 'லை' என்றால் படு. 'லே' என்றால் கிடத்து. விழு, வீழ்த்து என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்கவே வேண்டாம். இந்த 'சிட்'டின் வேர் ஆங்கிலத்தோடு நிற்பதும் இல்லை. சமஸ்கிருதத்தில் உட்காருவதைக் குறிக்கும் 'சத்' என்ற வேர் இதற்கு உறவு. உபநிஷத் என்ற சொல்லின் கடைசிப் பகுதி அதுதான். அருகில் அமர்தல் என்பது அதன் நேர்ப்பொருள். 'சீட்', 'சாடில்', 'செட்டில்' எல்லாம் அதே குடும்பம்.

சரி, மகளின் கிண்ணத்துக்கு வருவோம். 'லெட் இட் செட்' என்பதில் யாரும் எதையும் வைக்கவில்லை. இங்கே அந்த வினை தன் பக்கமே திரும்பிவிட்டது. ஒரு பொருள் தானாகவே ஒரு நிலையில் அமர்ந்து நின்றுவிடுகிறது. இதற்குத் தமிழில் பொருளுக்கு ஏற்றபடி சொல் மாறும். தயிர் தோய்கிறது. நெய் உறைகிறது. பாகு இறுகுகிறது. ஆங்கிலத்தில் தயிரும் ஜெல்லியும் சிமென்ட்டும் 'செட்' ஆகின்றன.

சிமென்ட்டில் இது வெறும் பேச்சு வழக்கு மட்டும் இல்லை, அளவு வைத்துச் சோதிக்கும் பண்பு. சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் தண்ணீர் சேர்த்த 30 நிமிடத்துக்கு முன்னால் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிந்துவிட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. முதலாவது 'இனிஷியல் செட்டிங் டைம்', இரண்டாவது 'ஃபைனல் செட்டிங் டைம்'. கொத்தனார் "சீக்கிரம் அள்ளிப் போடுப்பா, செட் ஆயிரப் போகுது" என்று அவசரப்படுத்துவது இதனால்தான். இதைக் காய்வது என்று மொழிபெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். சிமென்ட் காய்ந்து கெட்டியாவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து நடக்கும் வேதிவினையால் கெட்டியாகிறது. அதனால்தான் போட்ட தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். தண்ணீருக்கு அடியிலும் அது 'செட்' ஆகும், காயத்தான் ஆகாது.

சூரியன் 'செட்' ஆவதும் இந்த வரிசையில்தான் வருகிறது. போய் உட்கார்ந்துவிடுகிறது. நாம் பொழுது சாய்ந்தது, பொழுது அடைந்தது என்கிறோம். பழந்தமிழில் 'படுதல்' என்றார்கள். எல் என்றால் சூரியன், அது படும் நேரம் எற்பாடு. ஒரு மொழிக்குச் சூரியன் உட்காருகிறது, இன்னொன்றுக்குப் படுக்கிறது.

ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் இருந்தால் கேட்கிறவருக்கு எப்படிப் பிரித்துத் தெரிகிறது? தொல்காப்பியம் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துப் பேசுகிறது. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் 'பலபொருள் ஒருசொல்' என்று பெயர் வைத்து, பொருள் தெளிவாக மூன்று துணை சொல்கிறது: வினை, இனம், சார்பு. உரைகாரர்கள் 'மா' என்ற சொல்லை வைத்து விளக்குகிறார்கள். மா பூத்தது என்றால் மாமரம். பூத்தல் என்ற வினை காட்டிக்கொடுக்கிறது. மாவும் மருதும் ஓங்கின என்றாலும் மரம்தான். பக்கத்தில் மருதமரம் என்ற இனம் நிற்கிறது. கவசம் மாட்டிக்கொண்டு நிற்கிற ஒருவன் 'மா கொண்டு வா' என்றால் குதிரை. அவன் நிற்கிற சூழல்தான் சார்பு.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆங்கில வகுப்பில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. 'செட்'டை எங்கே பார்த்தாலும் இந்த மூன்றையும் தேடுங்கள். அது வினையாக வந்தால், யார் செய்கிறார், எதை என்று பாருங்கள். 'எதை' என்பதற்கு விடை இருந்தால் அநேகமாக 'வை' குடும்பம். விடை இல்லாமல் ஜெல்லியோ சிமென்ட்டோ எழுவாயாக நின்றால் உறைதல், இறுகுதல். சூரியன் நின்றால் மறைதல். இன்னொன்று, இந்த வினைக்குக் காலம் காட்டும் மாற்றம் கிடையாது. இன்று செய்தாலும் 'செட்', நேற்றுச் செய்தாலும் 'செட்', 'செய்து முடித்த' என்ற வடிவமும் 'செட்'. 'செட்டட்' என்று எழுதாதீர்கள். பலர் அங்கே தடுக்கி விழுகிறார்கள்.

முன்னால் 'அ' அல்லது 'த' வந்து பெயராக நின்றால் கதை வேறு. ஒரு தொகுதியைக் குறிக்கும் 'செட்' இதே சொல் மாதிரி இருக்கிறதே தவிர, பிறப்பில் வேறு ஆள். பின்தொடர்வது என்ற பொருளுள்ள ஒரு லத்தீன் வினையிலிருந்து 'செக்டா' வந்தது. ஒருவரைப் பின்தொடரும் கூட்டம். அது பழைய பிரெஞ்சு வழியாக 'செட்' என்று ஆங்கிலத்துக்குள் வந்து, ஏற்கெனவே இருந்த வினையோடு ஒட்டிக்கொண்டது. மதப்பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' இதற்கு நேர்ப் பங்காளி.

தமிழ்நாட்டுக்கு இந்த இரண்டு ஆட்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். செட் தோசை கேட்டால் இரண்டோ மூன்றோ குட்டி தோசை சேர்ந்து வருகிறது, அது லத்தீன்காரர். மைக் செட், பேண்டு செட், பம்புசெட், 'அவனும் நானும் ஒரே செட்டு' என்பதெல்லாம் அவர் வீட்டுப் பிள்ளைகள். "அந்த வேலை எனக்கு செட் ஆகலை" என்று ஒருவர் சொன்னால் அது பழைய ஆங்கில 'செட்டன்'. ஓர் இடத்தில் அமரவில்லை, பொருந்தவில்லை. சினிமாவுக்கு செட் போடுவதும் வினை வழியாக வந்ததுதான். காட்சிக்கு வேண்டியதை அதது இடத்தில் நிறுத்துவது.

செட்டாப் பாக்ஸ் என்று தினமும் சொல்கிறோமே, அதைப் பிரித்துப் பாருங்கள். செட், டாப், பாக்ஸ். ஒரு காலத்தில் பல பாகங்களைச் சேர்த்துக் கட்டிய வானொலிக் கருவிக்கு 'ரேடியோ செட்' என்று பெயர். அதைப் பின்பற்றித் தொலைக்காட்சிப் பெட்டி 'டிவி செட்' ஆனது. அந்த 'செட்'டின் 'டாப்'பில், அதாவது மண்டைமேல், உட்காரும் பெட்டி. இப்போது டிவி விரற்கடை அகலத்துக்கு மெலிந்து சுவரில் தொங்குகிறது. அதன் மேல் ஒரு தீப்பெட்டியைக்கூட நிறுத்த முடியாது. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

கணக்கில் 'செட்' என்றால் தெளிவாக வரையறுத்த பொருள்களின் தொகுதி. தமிழ்நாட்டுப் பாடநூலில் கணம், இலங்கைப் பாடநூலில் தொடை. டென்னிஸில் ஆட்டத்தின் ஒரு பகுதி. வழக்கமாக ஆறு கேம் ஜெயித்தால் ஒரு செட். 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மகூவும் மோதிய கடைசி செட் 70-68 என்று முடிந்தது; மூன்று நாளாக நீண்ட அந்த ஆட்டம் மொத்தம் 11 மணி 5 நிமிடம். கைப்பந்தில் இன்னும் சுவையானது நடக்கிறது. 25 புள்ளி எடுத்தால் ஒரு செட். அந்த செட்டுக்குள்ளேயே, அடிப்பவருக்கு வாகாகப் பந்தை வலைக்கு அருகில் தூக்கிக் கொடுப்பதும் செட். தூக்கிக் கொடுப்பவர் செட்டர். "நல்ல செட்டு" என்று கரையில் இருந்து ஒருவர் கத்தினால், பந்து அந்த நேரத்தில் மேலே இருக்கிறதா, ஆட்டம் முடிந்து இடம் மாறுகிறார்களா என்று பார்த்துத்தான் பொருள் சொல்ல வேண்டும். கவசம் போட்டவனின் 'மா' ஞாபகம் வருகிறதா?

மிச்சம் இருப்பது வால் முளைத்த 'செட்'கள். 'செட் அப்', 'செட் ஆஃப்', 'செட் இன்', 'செட் பேக்', 'செட் அசைட்'. ஆரம்பிக்கிறவரை அதிகம் சோதிப்பவை இவைதான். இவற்றில் வாலையும் தலையையும் பிரித்துப் பொருள் தேடக் கூடாது. ஒரே சொல்லாகப் பழகுவதே வழி. 'செட் இன்' என்றால் ஒன்று வந்து நிலைகொள்வது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் 'செட்ஸ் இன்' என்று ஆங்கிலச் செய்தித்தாள் எழுதும். 'தொடங்கியது' என்று நாம் எழுதுகிறோம். ஆனால் ஊரில் "மழை பிடிச்சுக்கிச்சு" என்று சொல்வார்களே, அதுதான் இதற்கு மிக நெருக்கம். ஒரு தூறலோடு போய்விடாது, இருந்து பெய்யும்.

'செட் அசைட்' பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் மகளின் பாக்கெட்டில் இருந்த அதே தொடர்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்குப் பல வருடமாக நில வழக்கு. கீழ்க் கோர்ட்டில் தோற்று, மேல்முறையீடு செய்திருந்தார். தீர்ப்பு வந்த சமயம் அவருடைய வக்கீல் வெளியூரில். தீர்ப்பின் நகல் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தது. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். கீழ்க் கோர்ட்டின் உத்தரவு 'ஈஸ் செட் அசைட்' என்று இருந்தது. பையன் நன்றாகப் படிக்கிறவன்தான். "எடுத்து ஓரமா வச்சிருக்காங்க தாத்தா" என்று சொல்லிவிட்டான். ஒத்திவைத்துவிட்டார்கள், இன்னும் இழுக்கும் என்று பெரியவர் எடுத்துக்கொண்டார். பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் என்னை வாசலில் நிறுத்தினார். "தம்பி, நீங்களும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று போனை நீட்டினார். அடுத்த வரியிலேயே மேல்முறையீடு ஏற்கப்பட்டது என்று இருந்தது. சமையல் குறிப்பில் 'செட் அசைட்' என்றால் ஓரமாக வை. கோர்ட்டு உத்தரவைப் பற்றிச் சொன்னால் ரத்து செய்தார்கள், இனி அது செல்லாது.

"கீழ்க் கோர்ட்டு தீர்ப்பை ரத்து பண்ணிட்டாங்கய்யா. நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்றேன்.

அவர் போனை வாங்கி அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. "எந்த வார்த்தை தம்பி அது?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன்.